ரூபாய் நோட்டில் இல்லாத மொழி

சில மாதங்களுக்கு ஒருமுறை அந்தப் படம் வந்துவிடும். மொரிஷியஸ் நாட்டு ரூபாய் நோட்டு. ஆங்கிலத்துக்கு அடுத்த வரியில் தமிழ், அதற்குக் கீழேதான் இந்தி. "பார்த்தாயா, ஆப்பிரிக்கக் கடலில் ஒரு குட்டித் தீவு தமிழுக்குக் கொடுக்கிற மரியாதையை இந்தியா கொடுக்கவில்லை" என்று கூடவே ஒரு வரி. நானும் கல்லூரிக் காலத்தில் அதைப் பகிர்ந்திருக்கிறேன். இந்தித் திணிப்புக்கு எதிராக வளர்ந்த யாருக்கும் அந்த நோட்டைப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும்.

அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 1998 நவம்பரில் மொரிஷியஸ் மத்திய வங்கி புதிய நோட்டுகளை வெளியிட்டது. அதில் தமிழும் இந்தியும் இடம் மாறியிருந்தன. இந்தி மேலே போயிற்று, தமிழ் கீழே வந்தது. தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். இந்தத் தீவுக்கு முதலில் வந்த இந்தியர் நாங்கள், எங்கள் இடத்தை எடுக்க யாருக்கும் உரிமையில்லை என்றார்கள். அரசு பணிந்தது. அச்சடித்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். தமிழுக்கு வெற்றி.

ஆனால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போர்ட் லூயி சந்தைக்குப் போய் ஒருவர் காய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் தமிழராக இருக்கலாம், வாங்குபவர் போஜ்பூரிக் குடும்பத்தவராகவோ சீனராகவோ முஸ்லிமாகவோ இருக்கலாம். விலை கேட்பதும் பேரம் பேசுவதும் திட்டுவதும் சிரிப்பதும் ஒரே மொழியில்தான் நடக்கும். அது ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. கிரியோல். இரண்டாவது வரி யாருக்கு, மூன்றாவது வரி யாருக்கு என்று நாடே கொதித்த அந்த நாட்களில், நோட்டில் ஒரு வரிகூட இல்லாத மொழியில்தான் இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

இந்தக் கட்டுரை அந்த நான்காவது மொழியைப் பற்றியது.

மொரிஷியஸில் பூர்வகுடிகள் கிடையாது. டச்சுக்காரர்கள் 1638ல் வந்து, டோடோ பறவையை ஒழித்துக்கட்டிவிட்டு, 1710ல் விட்டுவிட்டுப் போனார்கள். 1715ல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மனிதர்களைப் பிடித்துவந்து விற்றார்கள். வெவ்வேறு மொழி பேசிய அடிமைகள் ஒரே கொட்டடியில் அடைக்கப்பட்டார்கள். எசமானின் பிரெஞ்சுச் சொற்களை எடுத்து, தங்களுக்கு வேண்டிய இலக்கணத்தில் கோத்து, தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு மொழியை உருவாக்கினார்கள். எசமான் அதை உடைந்த பிரெஞ்சு என்றான். அது உடைந்தது அல்ல, கட்டியது. வினைச்சொல்லுக்கு முன்னால் சின்னச் சின்ன அசைகளை வைத்துக் காலம் காட்டுகிற அதன் முறை பிரெஞ்சில் கிடையாது. பிரெஞ்சின் பால்பாகுபாட்டை அது தூக்கி எறிந்துவிட்டது. 1880லேயே ஷார்ல் பைசாக் என்ற தீவுக்காரர் அதன் இலக்கணத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் அதற்கு வைத்த தலைப்பிலும் 'பத்துவா' என்ற சொல்தான். பட்டிக்காட்டுப் பேச்சு என்று பொருள்.

இங்கே நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. 'முதலில் வந்தவர்கள் நாங்கள்' என்று மொரிஷியஸ் தமிழர் சொல்வது பொய்யல்ல. 1730களில் லா பூர்தொன்னே என்ற பிரெஞ்சு ஆளுநர் துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டுபோனார். விழாக்களில் பேசப்படுவது இந்தக் கைவினைஞர் கதைதான். அதே காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சு வராது. அவர்களுடைய பிள்ளைகள் கிறித்தவப் பெயர் சூட்டப்பட்டு, ஆப்பிரிக்க அடிமைகளோடு கலந்து, இன்றைக்குக் 'கிரியோல்' என்று அழைக்கப்படும் மக்களுக்குள் கரைந்துபோனார்கள். அந்த மொழியை உருவாக்கியவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அப்படியிருக்க, கிரியோலை 'அவர்கள் மொழி' என்று ஒரு மொரிஷியஸ் தமிழர் சொல்லும்போது, தன் முப்பாட்டிகளில் ஒருத்தியையும் சேர்த்துத்தான் வெளியே தள்ளுகிறார்.

1810ல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்தார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. 60,000க்கும் மேற்பட்ட அடிமைகள். இழப்பீடு கொடுத்தார்கள், அடிமைகளுக்கு அல்ல. அவர்களை வைத்திருந்த எசமானர்களுக்கு, இருபது லட்சம் பவுனுக்கு மேல். விடுதலையானவர்களுக்கு ஒரு காணி நிலமும் இல்லை. அவர்கள் தோட்டத்தைவிட்டு வெளியேறிக் கரையோரங்களுக்குப் போனார்கள். கரும்புக்கு ஆள் வேண்டுமே. 1834 நவம்பர் 2 அன்று அட்லஸ் என்ற கப்பல் 36 கூலிகளைக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்து இறக்கியது. அதன்பிறகு வந்தவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். பெரும்பகுதி கல்கத்தா வழியாகப் பீகாரிகள், அடுத்தபடியாகச் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும். ஊரில் நிலமில்லாதவர், பஞ்சத்தில் அடிபட்டவர், சேரியிலிருந்து கிளம்பியவர் அவர்களில் ஏராளம்.

வந்தவர்கள் பழைய அடிமைக் கொட்டடிகளிலேயே தங்கினார்கள். பழைய அடிமைகள் பேசிய மொழியையே தோட்டத்தில் கற்றார்கள். அந்த மொழிக்கும் தங்கள் சொற்களைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் எந்த மொரிஷியஸ் அடுக்களையிலும் கறிவேப்பிலை 'கரிபூலே'தான். முருங்கை 'மூரூம்', பீர்க்கங்காய் 'பிப்பங்காய்', ரசம் 'ரசோன்'. நம் மசால்வடை அங்கே 'காத்தோ பிமான்' என்று தெருவுக்குத் தெரு விற்கிறது. பெயர் பிரெஞ்சு, பருப்பு நம்முடையது. கத்தோலிக்கக் கிரியோல் வீட்டிலும் சீனர் வீட்டிலும் இதே சொற்கள்தான். தமிழ் அந்தத் தீவில் உயிரோடு இருக்கும் இடம் எது என்று என்னைக் கேட்டால், ரூபாய் நோட்டைவிட இந்த அடுக்களைச் சொற்களைத்தான் காட்டுவேன். நோட்டில் இருப்பதை வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர். கரிபூலே தெரியாதவர் யாருமில்லை.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் கிரியோல் பேசுவதாகச் சொன்னவர்கள் 86 விழுக்காட்டுக்கு மேல். 2022ல் அது ஏறத்தாழ 90. வீட்டில் தமிழ் பேசுவோர் ஒரு விழுக்காடுகூட இல்லை. இந்தக் கிட்டத்தட்ட எல்லோருடைய மொழிக்கு அரசு கொடுத்த இடம் என்ன? 1968ல் விடுதலையோடு வந்த அரசியலமைப்பின் 49ஆம் பிரிவு, நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம், உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் பேசலாம் என்றது. கிரியோல் என்ற சொல்லே அதில் இல்லை. சாயங்காலக் கூட்டங்களில் கிரியோலில் ஓட்டுக் கேட்டு, கிரியோலில் நகைச்சுவை சொல்லி, கிரியோலில் எதிராளியை வசைபாடி வென்றவர், சபைக்குள் நுழைந்ததும் ஆங்கிலத்தில் மாண்புமிகு ஆகிவிடுவார். நீதிமன்றம் ஆங்கிலம். பத்திரிகை பிரெஞ்சு. பள்ளிப் பாடநூல் ஆங்கிலம். ஆசிரியர் ஆங்கிலப் பாடத்தை கிரியோலிலோ பிரெஞ்சிலோ விளக்குவார், பிள்ளை ஆங்கிலத்தில் தேர்வு எழுத வேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் தோற்றுப்போவது பல பத்தாண்டுகள் அந்த நாட்டின் வாடிக்கையாக இருந்தது. தோற்றவர்கள் எந்தத் தெருக்களைச் சேர்ந்தவர்கள் என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

அம்பேத்கர் 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று ஒன்றைச் சொன்னார். மேலே ஒருவன், கீழே ஒருவன் என்று இரண்டே தட்டு இருந்தால் கீழிருப்பவர்கள் சேர்ந்து மேலிருப்பவனைத் தள்ளிவிடலாம். படிப்படியாக இருந்தால், ஒவ்வொருவனுக்கும் தன் காலுக்குக் கீழே ஒருவன் இருப்பான். அந்தச் சின்ன உயரத்தைக் காப்பாற்றுவதிலேயே அவன் வாழ்நாள் போய்விடும். மொரிஷியஸின் மொழிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் எல்லாம் துலங்கும். உச்சியில் ஆங்கிலம், அதிகாரத்தின் மொழி. அதன் தோளில் பிரெஞ்சு, கௌரவத்தின் மொழி. கரும்பு நிலங்களை வைத்திருந்த சிறு எண்ணிக்கை வெள்ளையர்களின் மொழி அது. அதற்கும் கீழே 'மூதாதையர் மொழிகள்' என்று ஒரு படி. இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, மாண்டரின். யாரும் வீட்டில் பேச வேண்டியதில்லை, ஆனால் மதிப்புக்குரியவை. பள்ளியில் பாடம் உண்டு, ஆசிரியர் உண்டு, அரசு மானியம் உண்டு. அடிப்படியில் பேச்சு மொழிகள். போஜ்பூரி, அதற்கும் கீழே கிரியோல்.

போஜ்பூரியின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பீகாரிலிருந்து வந்த கூலிகள் பேசியது போஜ்பூரி. இந்தியை அவர்கள் பாட்டன் பேசியதில்லை. ஆனால் கணக்கெடுப்பில் மூதாதையர் மொழி எது என்று கேள்வி வந்தபோது, 'இந்தி' என்று எழுதச் சொல்லிச் சபைகள் பிரச்சாரம் செய்தன. போஜ்பூரி கூலி பாஷை, இந்தி வேதம் படித்தவன் பாஷை. மொழியை மாற்றியதைப் போலவே சாதிப் பெயரையும் மாற்றினார்கள். சமார் என்று இழிவாக அழைக்கப்பட்டவர்கள் 'ரவிவேத்' ஆனார்கள். ஆரிய சமாஜமே சாதிவாரியாகப் பிரிந்தது. ஆர்ய ரவிவேத் பிரச்சாரிணி சபா என்றும், கெலோட் ராஜ்புத் மகா சபா என்றும் தனித்தனிச் சபைகள் எழுந்தன. கப்பலில் சாதி கரைந்துவிட்டது என்று சிலர் கதை சொல்வார்கள். தொழிலும் தீட்டும் பெருமளவு கரைந்தது உண்மை. கல்யாணத்திலும் தேர்தலிலும் அது கரையவில்லை. இந்த நாட்டில் பிரதமரான இந்துக்கள் எல்லோரும் 'வைஷ்' என்று அங்கே குறிப்பிடப்படும் ஒரே சாதித் தொகுப்பைச் சேர்ந்தவர்கள். ஒரே விதிவிலக்கு 2003 முதல் 2005 வரை இருந்த போல் பெராஞ்சே, அவர் பிரெஞ்சு வம்சாவளி. ஆப்பிரிக்க வம்சாவளியில் ஒருவர்கூட வந்ததில்லை.

அரசியலமைப்பே இந்தப் படிகளுக்குச் சட்டப் பூச்சு கொடுத்திருக்கிறது. குடிமக்களை அது நான்கு சமூகமாகப் பிரிக்கிறது. இந்து, முஸ்லிம், சீன-மொரிஷியர், பிறகு 'பொது மக்கள்'. பொது மக்கள் என்றால் யார்? தன் வாழ்க்கை முறையைப் பார்க்கும்போது முதல் மூன்றில் எதிலும் சேராதவர் எவரோ அவர். அதாவது எஞ்சியது. கரும்புத் தோட்ட முதலாளியான வெள்ளையரும் அவருடைய அடிமையின் கொள்ளுப்பேரனும் அந்த ஒரே எச்சப் பெட்டியில். தமிழரும் தெலுங்கரும் இந்து என்ற பெட்டிக்குள். இந்துப் பெட்டி வேண்டாம், தனிப்பெட்டி கொடு என்று தமிழ் அமைப்புகள் பல காலமாகக் கேட்கின்றன. பெட்டியே வேண்டாம் என்று கேட்டவர்கள் குறைவு.

தேர்தலில் தோற்றவர்களிலிருந்து சமூகவாரியாக 8 பேரை உறுப்பினராக்கும் ஏற்பாடும் இந்தப் பெட்டிகளை வைத்துத்தான். அதற்கான மக்கள்தொகைக் கணக்கு 1972ல் எடுத்தது. சமூகத்தைக் கேட்கும் கேள்வியை அதன்பிறகு கணக்கெடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், கணக்கை மட்டும் விடவில்லை. வேட்பாளர் தன் சமூகம் எதுவென்று எழுத மறுத்தால் மனு தள்ளுபடி. இதை எதிர்த்து ஒரு சிறு இடதுசாரிக் குழு ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போய் 2012ல் வென்றது. சாதிவாரிக் கணக்கெடுப்பை ஆதரிக்கும் நாம் இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தலையாட்டக் கூடாது என்பது என் கருத்து. ஒடுக்கப்பட்டவர் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள எண்ணுவது வேறு, ஒவ்வொருவரையும் அவர் பிறந்த பெட்டியில் ஆணியடிக்க எண்ணுவது வேறு. மொரிஷியஸில் நடந்தது இரண்டாவது.

இதை உடைக்க ஒரு முயற்சி நடந்தது. 1969ல் மாணவர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து எம்.எம்.எம். என்ற போராளி இயக்கத்தைத் தொடங்கினார்கள். சாதி, மதம், நிறம் கடந்து ஒரே மக்கள் ஒரே நாடு என்பது முழக்கம். முழக்கம் கிரியோலில் இருந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவர் தேவ் வீராசாமி. பெயரைக் கேட்டாலே ஊர் தெரிகிறதல்லவா. எடின்பரோவில் மொழியியல் படித்துவிட்டு வந்தவர். 1970 இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். வேலைநிறுத்தங்களை ஒடுக்க அரசு நெருக்கடி நிலை கொண்டுவந்தபோது சிறைக்குப் போனார். பிறகு கட்சி அரசியலைவிட்டு விலகி, வாழ்நாள் முழுக்க கிரியோலில் எழுதினார். கவிதை, நாடகம், ஷேக்ஸ்பியர் மொழிபெயர்ப்பு. அவர் அதைக் கிரியோல் என்றுகூடச் சொல்ல விரும்பவில்லை, 'மோரிஸ்யென்' என்றார். ஒரு இனத்தின் மொழி அல்ல, ஒரு நாட்டின் மொழி. தென்னிந்தியக் கூலி வம்சத்தில் பிறந்த ஒருவர், அடிமைகள் உருவாக்கிய மொழிக்காக வாழ்ந்து 2023ல் இறந்தார். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? ரூபாய் நோட்டு தெரிந்தவர்களில் நூற்றில் ஒருவருக்காவது?

1982ல் அந்த இயக்கம் கூட்டணியோடு மொத்தத் தொகுதிகளையும் வென்றது. மொரிஷியஸ் தீவின் அறுபதுக்கு அறுபது. ஒன்பது மாதத்தில் அந்த அரசு உடைந்தது. பொருளாதாரக் கொள்கையில் சண்டை இருந்தது, தலைவர்களுக்குள் போட்டி இருந்தது. ஆனால் ஊரெல்லாம் நெருப்பு வைத்தது ஒரு பாட்டு. 1983 மார்ச், விடுதலை நாள் ஒளிபரப்பில் நாட்டுப்பண் கிரியோலில் பாடப்பட்டது. அவ்வளவுதான். நம் பண்பாட்டை அழிக்கப் பார்க்கிறார்கள், மூதாதையர் மொழிகளைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று கூச்சல் கிளம்பியது. அந்தக் கூச்சலும் கிரியோலில்தான் எழுந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து இதே நெருப்பு எதிர்ப்பக்கம் பற்றியது. தொடக்கப்பள்ளித் தேர்வுத் தரவரிசையில் கீழைமொழிகளின் மதிப்பெண்ணையும் சேர்க்க வேண்டும் என்று அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. நல்ல பள்ளியில் இடம் கிடைப்பது அந்தத் தரவரிசையில்தான். இந்தியும் தமிழும் உருதும் படிக்கும் பிள்ளைக்கு ஒரு கூடுதல் பாட மதிப்பெண். கிரியோல் பிள்ளைக்கு? அவனுடைய மூதாதையர் மொழி எது? மலகாசியா, மக்குவாவா? சாட்டை அதை எப்போதோ பிடுங்கிவிட்டது. அவனுக்கு மிச்சமிருக்கும் மொழியைப் பள்ளி மொழியாகவே ஏற்கவில்லை. திருத்தம் தோற்றது, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, 1995 டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சி அறுபதையும் இழந்தது.

இப்போது அந்த ரூபாய் நோட்டுக்குத் திரும்புவோம். 1998 நவம்பர் என்றேன். அதற்கு மூன்று மாதம் கழித்து, 1999 பிப்ரவரியில், கஞ்சாவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கக் கோரி ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. காயா என்ற பாடகர் அதில் பாடினார். இயற்பெயர் ஜோசப் ரெஜினால்ட் தொபிஸ். அடிமைகளின் செகா இசையையும் ரெகேவையும் இணைத்து 'செகே' என்ற வகையை வளர்த்தவர். கிரியோலில் பாடியவர். மேடையில் கஞ்சா புகைத்ததற்காக அவரைக் கைது செய்தார்கள். பிப்ரவரி 21 அன்று காவல் கொட்டடியில் பிணமாகக் கிடந்தார். மண்டையோட்டில் முறிவு. லாக்கப் மரணம் என்றால் என்ன என்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கிரியோல் குடியிருப்புகள் பற்றியெரிந்தன. கலவரத்தை அடக்க வந்தவர்கள் பெர்ஜே அகாத் என்ற இன்னொரு பாடகரைச் சுட்டுக்கொன்றார்கள். நாடு சில நாள் முடங்கியது. உலகம் 'ஆப்பிரிக்காவின் வெற்றிக் கதை' என்று புகழ்ந்த நாடு அது.

ரோஜர் செர்வோ என்ற பாதிரியார் 1993லேயே 'கிரியோல் மக்களின் நோய்மை' என்று ஒரு சொற்றொடரைப் பொதுவெளியில் வைத்திருந்தார். நிலமில்லை, பட்டமில்லை, அரசு வேலையில்லை, தேவாலயத்தில்கூட அதிகாரமில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். யாரும் பெரிதாகக் காதுகொடுக்கவில்லை. நோட்டின் வரிசைக்கு அரசு எத்தனை வேகமாகப் பணிந்தது என்பதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தமிழர் போராடியது தவறு என்று நான் சொல்லவில்லை. இந்திக்குக் கீழே போக மறுத்தது எனக்கும் உவப்பானதுதான். ஆனால் அது படியில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்ட போராட்டம். படியைப் பற்றி அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிறகு காலம் மாறியது என்பார்கள். மாறத்தான் செய்தது. 2009ல் ஆர்னோ கார்பூரான் கிரியோலுக்கு கிரியோலிலேயே பொருள் சொல்லும் அகராதியைக் கொண்டுவந்தார். 2011ல் எழுத்துமுறை அதிகாரபூர்வமானது. 2012 ஜனவரியில் கிரியோல் தொடக்கப்பள்ளிக்குள் பாடமாக நுழைந்தது. எந்த வழியாக நுழைந்தது என்பதைக் கவனியுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பயிற்றுமொழியாக அல்ல. 'மூதாதையர் மொழி' பாடவேளையில், இந்தி, தமிழ், உருதுக்குப் பக்கத்தில், விருப்பப் பாடமாக. தமிழ் வேண்டுமா கிரியோல் வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடு. தமிழ்ப் பெயருள்ள பிள்ளை தமிழ் வகுப்புக்கு எழுந்து போகிறது. முஸ்லிம் பிள்ளை உருதுக்கோ அரபிக்கோ போகிறது. மிச்சம் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் அந்தப் 'பொது மக்கள்' பெட்டிப் பிள்ளைகள். எல்லோரும் பேசும் மொழியை ஒரு சமூகத்துக்கு மட்டும் சொந்தமென்று எழுதிக்கொடுத்து, அதையும் ஒரு பெட்டியாக்கிவிட்டார்கள். வீராசாமி நாட்டு மொழியாக்க நினைத்ததை அரசு இன மொழியாக்கிவிட்டது. இது தோல்வி என்று சொல்ல மாட்டேன். தன் மொழியில் பாடப்புத்தகம் பார்த்த முதல் தலைமுறைக்கு அது என்ன என்பதை வெளியிலிருந்து நாம் அளக்க முடியாது. ஆனால் பார்ப்பனியம் எதிர்ப்பை எப்படித் தன் அடுக்குக்குள் ஒரு படியாக உள்வாங்கிக்கொள்ளும் என்று நாம் படித்த பாடம் இங்கேயும் பொருந்துகிறது.

இதைச் சொன்னதும் ஒரு தோழர் கேட்டார்: "அப்படியானால் அங்கே தமிழ் அழிந்துபோகட்டும் என்கிறாயா?" இல்லை. மொரிஷியஸ் தமிழரின் வீட்டுத் தமிழைக் கொன்றது கிரியோல் அல்ல. தோட்டமும், ஆங்கிலப் பள்ளியும், பிரெஞ்சு மோகமும் கொன்றன. 'முத்து', 'சுப்ரமணியன்', 'சின்னத்தம்பி' எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொண்டது பதிவேட்டு எழுத்தர் கையில். தமிழ் படிக்க விரும்பும் பிள்ளை படிக்கட்டும். காவடி எடுப்பவர் எடுக்கட்டும். ஆனால் தமிழ் படிப்பதற்கு விலையாகத் தன் சொந்தப் பேச்சு மொழியை எழுதக் கற்காமல் போக வேண்டும் என்று ஏன் இருக்க வேண்டும்? மொழியைத் தாயாகவும் தெய்வமாகவும் கும்பிடாதே, அது உன்னை எங்கே கொண்டுபோகிறது என்று பார் என்பதுதான் பெரியார் நமக்குச் சொன்னது. பாட்டன் பேசிய மொழி என்பதற்காக ஒன்றைப் பூசையறையில் வைத்துவிட்டு, சோறு கேட்கிற மொழியை வாசலில் நிறுத்துவதை அவர் என்ன சொல்லித் திட்டியிருப்பார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. மெட்ராஸ் பாஷையை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்திலும் ரிக்‌ஷா நிறுத்தத்திலும் குப்பத்திலும் உழைத்தவர்கள் தமிழோடு தெலுங்கையும் உருதுவையும் ஆங்கிலத்தையும் பிசைந்து உருவாக்கிய பேச்சு. ஐம்பது ஆண்டாகச் சினிமாவில் அதைப் பேசியவர் ரவுடி, இல்லையென்றால் காமெடியன். 'சேரி பாஷை' என்பது இன்றைக்கும் திட்டு. நேர்காணலுக்குப் போகும் வடசென்னைப் பையன் முதலில் கழற்றி வைப்பது செருப்பை அல்ல, நாக்கை. செந்தமிழின் பெருமையைப் பேசுகிற மேடைகளில் அந்தப் பேச்சுக்கு நாற்காலி போட்டவர்கள் எத்தனை பேர்? கிரியோலை 'உடைந்த பிரெஞ்சு' என்றவர்களும், இதைக் 'கொச்சை' என்றவர்களும் காது கேட்டுச் சொன்னதில்லை, பேசுகிறவனின் தெருவைப் பார்த்துச் சொன்னார்கள்.

1989ல் ஏழாவது உலகத் தமிழ் மாநாடு மொரிஷியஸில் நடந்தது. இப்போதும் தமிழ் அமைப்புகளும் தலைவர்களும் அங்கே போய்ச் சிலை திறக்கிறார்கள், பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள், நோட்டோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் போகிறவர்கள் அங்கேயுள்ள தமிழ்ச் சபைகளிடம் இரண்டே விஷயம் கேட்கலாம். தமிழ்ப் பாடவேளையையும் கிரியோல் பாடவேளையையும் ஒன்றுக்கொன்று எதிராக வைக்காதே, இரண்டையும் படிக்க வழிசெய் என்று தமிழ்ச் சபைகளே அரசிடம் மனுக் கொடுப்பார்களா? கரையோரக் குடியிருப்பில் இருக்கும் ஒரு கறுப்புப் பிள்ளை தமிழ் வகுப்பில் வந்து உட்கார்ந்தால், அவள் பாட்டியின் பாட்டி சோழமண்டலக் கரையிலிருந்து விற்கப்பட்டவளாக இருக்கலாம் என்பது நினைவில் இருக்குமா, அல்லது 'உன் வகுப்பு அடுத்த அறை' என்று அனுப்பிவிடுவார்களா?